தெருவெல்லாம் நின்ற கார் எங்கே போகிறது?

1986, 87 காலத்தில் ஃபோர்டு நிறுவனம் சியரா ஆர்.எஸ். காஸ்வொர்த் என்ற மூன்று கதவு வண்டியைச் செய்தது. மொத்தமே 5,545. அதே சியராவின் சாதாரண வகை, சின்ன இன்ஜினும் துணி இருக்கையுமாக, 1982 முதல் 1993 வரை இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்று ஐரோப்பாவில் நடக்கும் பழைய கார் சந்திப்புகளில் காஸ்வொர்த் ஒன்றிரண்டாவது பளபளவென்று வந்து நிற்கும். சாதாரண சியராவைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கொஞ்சமாகச் செய்தது மிஞ்சியிருக்கிறது, கொட்டிக் கிடந்தது காணோம். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். கார்கள் எப்படிச் சாகின்றன என்று தெரிந்தால், இப்படித்தான் நடக்கும் என்று புரிந்துவிடும்.

இங்கே பேச்சு நூறு வயதுப் பழங்கார்களைப் பற்றி அல்ல. ஏறக்குறைய 1980களின் நடுவிலிருந்து 2010 வரை வந்த, பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுகிற, உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிற, அன்றாட வேலைக்கு வாங்கிய வண்டிகளைப் பற்றி. அவை மட்டமான தயாரிப்பு, அதனால் மறைந்தன என்று சொல்வது எளிது. ஆனால் பொதுவாகக் கார்களின் ஆயுள் கூடிக்கொண்டுதான் வருகிறது. அமெரிக்காவில் சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 12 ஆண்டைத் தாண்டிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்படியே. கார்கள் நீண்ட நாள் வாழ்கின்றன, ஆனாலும் ஒரு குறிப்பிட்ட மாடல் திடீரென்று கண்ணில் படாமல் போகிறது. இரண்டும் ஒருசேர நடப்பவைதான்.

சரிவின் கணக்கு

எண்ணாகவே போட்டுப் பார்க்கலாம். இவை புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். எந்த மாடலின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

ஒரே ஆண்டில் 1,000 கார் விற்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் 8 ஆண்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் போகும். பெரும்பாலும் விபத்து, திருட்டு, வெள்ளம். 8ஆம் ஆண்டு முடிவில் 923 மிச்சம். அடுத்த 4 ஆண்டு நூற்றுக்கு 4 வீதம் போனால் 784. அதற்கடுத்த 4 ஆண்டு நூற்றுக்கு 12 வீதம். 16ஆம் ஆண்டு முடிவில் 470. அங்கிருந்து ஆண்டுக்குக் கால் பங்கு கழிந்தால் 20ஆம் ஆண்டு முடிவில் 149, 24ஆம் ஆண்டு முடிவில் 47.

முதல் 16 ஆண்டில் போனது பாதிக்குச் சற்று மேல். அடுத்த 8 ஆண்டிலோ, இருந்ததில் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. "போன வருஷம்கூடப் பார்த்தேனே, எங்கே போச்சு?" என்று தோன்றுவது இந்த இறக்கத்தில்தான். அந்த 47இலும் பல தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும், சில மாதம் ஒரு முறை வெளியே வரும். ஆகவே கண்ணுக்குப் படுவது உண்மை எண்ணிக்கையைவிடவும் குறைவு.

பதிவேட்டு எண்களைப் படிக்கும்போதும் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைக்க வேண்டும். பதிவில் பெயர் இருப்பது வேறு, வண்டி ஓடுவது வேறு. பிரிட்டனில் சாலையில் ஓட்டாத வண்டிக்கு வரி கட்டாமல், "ஓட்டவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் நிறுத்தி வைக்கலாம். சாலைவரி கட்டியவை எத்தனை, நிறுத்தி வைத்தவை எத்தனை என்று பிரித்துப் பார்த்தால்தான் ஒரு மாடலின் நிலை தெரியும். நிறுத்தி வைத்தவை ஓடுபவற்றைவிட அதிகமாக இருந்தால், அந்த மாடல் சரிவின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

விலை இறங்கும், கூலி இறங்காது

ஒரு கார் சாவது இன்ஜின் உடைவதால் அல்ல. அந்த இன்ஜினைச் சரிசெய்ய ஆகும் செலவு காரின் விலையைத் தாண்டுவதால். விஷயத்தின் மையம் இதுதான்.

புதிதாக வாங்கிய விலையை 100 என்று வையுங்கள். 10 ஆண்டில் அது 18க்கோ 20க்கோ வந்து நிற்கும், 15 ஆண்டில் 5, 6. ஆனால் கிளட்ச் மாற்ற ஆகும் கூலி, கார் புதிதாக இருந்தபோது என்னவோ அதேதான் இன்றும். சொல்லப் போனால் கூடியிருக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் புதைந்திருக்கும் ஹீட்டர் கோர் கைக்குள் அடங்கும் சின்ன ரேடியேட்டர்தான். பொருளின் விலை அற்பம். ஆனால் பல மாடல்களில் அதை எடுக்க ஸ்டியரிங், டாஷ்போர்டு, ஏசி பெட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒரு முழு நாள் வேலை. நான்கு வயதுக் காரில் முகம் சுளித்துக்கொண்டு செய்வார்கள். பதினாறு வயதுக் காரில் "விட்டுத் தள்ளு" என்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் விலையைக் கோடாக வரைந்தால் ஒரு பள்ளம் தெரியும். பழைய கார் என்ற மதிப்பு போய்விட்டது, பழம்பெரும் கார் என்ற மதிப்பு இன்னும் வரவில்லை. 15 வயதிலிருந்து 30 வயது வரை பெரும்பாலான மாடல்கள் இந்தப் பள்ளத்தில் கிடக்கும். யாராவது கைகொடுத்தால்தான் ஏற முடியும். பெஜோ 205 ஐம்பது லட்சத்துக்கு மேல் தயாரான கார். அதில் வேகத்துக்குப் பெயர் போன ஜி.டி.ஐ. வகையை மேலே தூக்கிவிட ஆளிருந்தது. டீசல் போட்ட ஐந்து கதவு 205ஐ யாரும் தூக்கவில்லை. "இதுதான் தெருவுக்கு நாலு நிக்குதே" என்ற நினைப்பே அதற்கு எமன். ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் நினைக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. மதிப்புள்ள வகையைக் காப்பாற்ற மதிப்பில்லாத வகையைப் பிய்ப்பார்கள். பல பாகங்கள் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், ஒரு ஜி.டி.ஐ. உயிர்பெற மூன்று சாதாரண வண்டி காயலான் கடைக்குப் போகும். சியராவுக்கு இதைவிட விநோதமான கதி. பின்சக்கர இயக்கம் கொண்ட கார் என்பதால், அதன் டைப் 9 ஐந்து கியர் பெட்டியையும் பின் டிஃபரன்ஷியலையும் கழற்றி, வீட்டில் கட்டும் இரண்டு இருக்கை வண்டிகளில் மாட்டினார்கள். அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. கொடுத்த சியராக்கள் இல்லை.

ஒரே ஒரு கேஸ்கெட்

ஒரு பழுது ஒரு தலைமுறைக் கார்களையே எப்படிக் காலி செய்யும் என்பதற்கு ரோவரின் கே-சீரிஸ் இன்ஜினைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 1989இல் வந்த இலேசான, சாமர்த்தியமான அலுமினிய இன்ஜின். ரோவர் 200, 400, 25, 45, 75, எம்.ஜி.எஃப்., முதல் ஃப்ரீலேண்டர் என்று பல வண்டிகளில் உட்கார்ந்தது. குறிப்பாக 1.8 லிட்டர் வகையில் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு, போவது பேர்போன கதை.

ஏன் போனது? இந்த இன்ஜினில் சிலிண்டர் லைனர்கள் தனித்தனிக் குழாய்களாகப் பிளாக்கில் உட்கார்ந்திருக்கும். அவற்றின் மேல் விளிம்பு பிளாக்கின் தளத்தைவிட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவாக. அந்த மயிரிழைதான் கேஸ்கெட்டை இறுக்கிப் பிடிக்கிறது. லைனர் கீழே அமிழ்ந்துவிட்டால் பிடி போச்சு. முதலில் வந்த கேஸ்கெட், மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் ரப்பர் போன்ற கோடு ஓட்டியது. சூட்டில் அந்தக் கோடு தகட்டைவிட்டுப் பிரியும். ஹெட்டையும் பிளாக்கையும் நேராகப் பிடிக்கும் சின்ன ஊசிகள் பிளாஸ்டிக்கில் வந்ததால், ஹெட் இலேசாக நகர வழி இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட்டின் மொத்த அளவே குறைவு. சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட், தண்ணீர் இன்ஜினுக்குள் நுழையும் பக்கம் இருந்ததால், அது திறக்கும்போது சூடான இன்ஜினுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஒரே மூச்சாகப் பாயும்.

நடைமுறையில் கதை சின்னக் கசிவில் தொடங்கும். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ தண்ணீர் பம்ப்பிலோ சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் போகும். அளவு குறைவு என்பதால் கொஞ்சம் போனாலே இன்ஜின் காய ஆரம்பிக்கும். சூடு காட்டும் சென்சரைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் முள்ளும் சரியாகக் காட்டாது. ஓட்டுபவருக்குத் தெரிய வரும்போது ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெளுத்த குழம்பு ஒட்டியிருக்கும்.

தீர்வு தெரியாமல் போகவில்லை. பல அடுக்கு எஃகு கேஸ்கெட், எஃகு ஊசி, இன்ஜின் அடியில் போல்ட்டுகள் போய்ச் சேரும் ஆயில் ரெயிலின் பலப்படுத்திய வகை, சூட்டு அதிர்ச்சியைக் குறைக்கும் வேறு தெர்மோஸ்டாட், இவை எல்லாம் பின்னால் வந்தன. செய்ய வேண்டிய வரிசையும் தெளிவு: ஹெட்டைத் தூக்கியதும் லைனர் உயரத்தை நான்கு சிலிண்டரிலும் அளந்து பார், ஹெட் தளம் வளைந்திருக்கிறதா, லைனர் பட்ட இடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பார், பத்து நீள போல்ட்டையும் முறைப்படியான வரிசையில் 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, பிறகு 180 டிகிரி, மறுபடி 180 டிகிரி திருப்பு. லைனர் அமிழ்ந்திருந்தால் எந்த கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி போகும். அளக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றியதுதான் "இந்த இன்ஜினுக்கு விமோசனமே இல்லை" என்ற கெட்ட பெயரைப் பெருக்கியது.

தீர்வு இருந்தும் கார்கள் ஏன் போயின? எம்.ஜி. ரோவர் நிறுவனம் 2005 ஏப்ரலில் நொடித்துப் போனது. அடுத்த நாளே செகண்ட் ஹேண்ட் விலை சரிந்தது. கேஸ்கெட் வேலையின் செலவு அப்படியே இருந்தது, காரின் விலை கீழே போயிற்று. அங்கிருந்து மேலே சொன்ன கணக்குத்தான்.

துருவும், துருவைத் தாண்டியும்

பனிக்கு உப்புத் தூவும் நாடுகளில் துரு இன்றும் பெரிய கொலையாளி. தண்ணீர் படுவதால் அல்ல, தண்ணீர் தங்குவதால் தகரம் அரிக்கும். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும், சில் என்ற பெட்டிச் சட்டம், பின்சக்கர வளைவின் உள் உதடு, ஜாக்கி வைக்கும் இடம், ஸ்ப்ரிங் உட்காரும் கிண்ணம், பிரேக் எண்ணெய்க் குழாய், இவையே வழக்கமான இடங்கள். கதவுகளின் அடியிலும் முன்கண்ணாடிக்குக் கீழேயும் வடிகால் துளைகள் உண்டு. இலைச் சருகு அடைத்தால் உள்ளே குளம் கட்டும்.

1996இல் வந்த முதல் ஃபோர்டு கா, பெட்ரோல் மூடியைச் சுற்றியும் சில் ஓரத்திலும் அரித்தே பெருமளவு அழிந்தது எனலாம். இன்ஜின் பழைய காலத்து முரட்டு இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகாது. ஓடும் இன்ஜினோடு உடம்பு உளுத்துப்போன கார் அது. விலை உயர்ந்த வண்டிகளும் தப்பவில்லை. 1995 முதல் 2002 வரை வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 210 இ-கிளாஸில் முன் ஸ்ப்ரிங்கைத் தாங்கும் கிண்ணம் உள்ளிருந்தே அரித்து, ஒருநாள் தையல் விட்டாற்போல் பிய்ந்து வரும். வெளியே பெயின்ட் பளபளக்கும், அதனால் வாங்குபவர் ஏமாறுவார்.

இதைக் கேட்டுவிட்டு, துரு பிடிக்காத கார் என்றால் தப்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. ஃபியட் டிப்போ 1989இல் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக் கார் என்ற பட்டம் வாங்கியது. துத்தநாகம் பூசிய தகரம். உடம்பு நன்றாகவே நின்றது, கார்தான் நிற்கவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் கார்களுக்குக் கதவும் ஃபெண்டரும் பிளாஸ்டிக். இலேசாக இடித்தால் குழி விழாது, அரிக்காது. 2010இல் அந்த பிராண்டையே மூடிவிட்டார்கள். ஆயில் குடிக்கும் பழைய சாட்டர்ன் இன்ஜினை அவிழ்த்து பிஸ்டன் ரிங் மாற்ற யாரும் செலவழிக்கவில்லை. துரு ஒரு காரணம், ஆணிவேர் விலை.

வயரும் பெட்டியும்

1990களுக்குப் பிந்திய கார்களுக்கு மரணம் பெரும்பாலும் மின்சாரத்தின் வழியாக வருகிறது. மெர்சிடிஸ் 1990களின் முதல் பாதியில் இன்ஜின் வயர்களுக்கு மக்கும் வகைப் பிளாஸ்டிக் உறை போட்டது. சுற்றுச்சூழலுக்கு நல்லதென்று செய்ததுதான். இன்ஜின் சூட்டில் அந்த உறை காய்ந்த கருவாடு போல நொறுங்கியது. உலோகம் உலோகத்தோடு தொட்டு, இசியூ என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்து எரித்த கதைகள் உண்டு. இரும்பு போன்ற டபிள்யூ 124 மாடலுக்கு எமனாக வந்தது வயரின் தோல்!

அதே காலத்து ஜப்பானியக் கார்களின் இசியூ பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் இருபது ஆண்டில் கசியும். கசிந்த திரவம் சர்க்யூட் பலகையின் செம்புக் கோட்டை அரிக்கும். அறிகுறி: வண்டி காலையில் கிளம்பாது, சூடானதும் கிளம்பும், அல்லது ஐட்லிங் தாறுமாறாக ஏறி இறங்கும். பெட்டியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தால் அதுதான். அரிப்பு பரவும் முன் கழற்றி, பலகையை ஆல்கஹாலால் துடைத்து, அதே மதிப்பும் 105 டிகிரி தாங்குதிறனும் உள்ள புதிய கெபாசிட்டர் வைத்துப் பற்றவைத்தால் பிழைக்கும். முழுப் பெட்டியும் புதிதாகக் கிடைக்காத மாடலில் இந்தச் சின்ன வேலைதான் காரின் தலையெழுத்து.

2000ஐ ஒட்டி இன்னொரு பூட்டு வந்தது. சாவி, இன்ஜின் பெட்டி, மீட்டர் போர்டு மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும். காயலான் கடையிலிருந்து பழைய பெட்டியை எடுத்து மாட்டினால் வேலை செய்யாது. அதைக் காரின் எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும். எழுதுவதற்கான சாஃப்ட்வேர் கம்பெனியின் டீலரிடம் இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டில் அந்தக் கருவியும் ஓய்வு பெற்றுவிடுகிறது. ஆகவே பழைய வண்டியைப் பிரிப்பவர்கள் பெட்டியை மட்டும் எடுக்காமல் சாவி, சாவித்துளை, மீட்டர், பெட்டி நான்கையும் ஒரே செட்டாக எடுத்து வைப்பார்கள்.

ஏர்பேக் விஷயம் வேறு மாதிரி. மெதுவாக மோதினாலும் ஏர்பேக் விரிந்துவிட்டால், பை இரண்டு, சீட் பெல்ட் இழுப்பான்கள், கிழிந்த டாஷ்போர்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் மாற்ற வேண்டும். பத்து வயதுக் காரில் அந்தச் செலவே காரின் விலையைத் தொடும். இன்சூரன்ஸ் கம்பெனி "முழு இழப்பு" என்று எழுதிவிடும், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும். பழைய ஏர்பேக்குகளில் வேறு பயமும் உண்டு. டகாட்டா நிறுவனம் செய்த, பையை விரிக்கும் ஊதிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் பல ஆண்டு கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான ஊதிகள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் 2017இல் திவால். பழைய கார் வாங்கினால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து இந்த வேலை முடிந்ததா என்று கேட்பது முதல் காரியம்.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிலிலேயே நனைந்து சுழலும் டைமிங் பெல்ட் கொண்ட சிறு பெட்ரோல் இன்ஜின்கள், பி.எஸ்.ஏ. குழுமத்தின் 1.2 பியூர்டெக் அதற்கு நன்கு தெரிந்த உதாரணம், இப்போதுதான் பள்ளத்தின் விளிம்புக்கு வருகின்றன. குறுகிய தூரமே ஓட்டும்போது பெட்ரோல் ஆயிலில் கலந்து, பெல்ட்டின் ரப்பர் ஊறி உப்பி உதிர்கிறது. உதிர்ந்த தூள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தாலே பெல்ட் தெரியும். அகலம் பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. உப்பியிருந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது, ஆயில் சட்டியை இறக்கிச் சல்லடையையும் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்து மறையப் போகிறவை எவை என்று கேட்டால், நம் கணிப்பில் இந்த வரிசை முன்னால் நிற்கும். டீசல் புகைவடிகட்டி அடைந்து, இன்ஜின் அதிர்வைத் தாங்கும் இரட்டை ஃப்ளைவீலும் ஆடத் தொடங்கிய 2010களின் சின்ன டீசல் கார்களும் பக்கத்திலேயே.

அரசு தள்ளிவிடும்போது

சில மாடல்கள் தானாகச் சாகவில்லை, கூட்டமாக அனுப்பிவைக்கப்பட்டன. 2009இல் ஜெர்மனி, 9 வயதுக்கு மேற்பட்ட காரை அழித்துப் புதிது வாங்கினால் 2,500 யூரோ கொடுத்தது. 500 கோடி யூரோ ஒதுக்கீடு, ஏறக்குறைய 20 லட்சம் கார். அதே ஆண்டு பிரிட்டனில் 10 வயதுக்கு மேற்பட்ட காருக்கு 2,000 பவுண்டு.

அமெரிக்காவில் 2009இன் கோடையில் நடந்த திட்டத்தில் 6 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் வண்டிகள் போயின. அங்கே இன்ஜின் மறுபடி யாருக்கும் உதவக் கூடாது என்று விதி. ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேட் கரைசலை, அதாவது நீர்க்கண்ணாடியை, ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஊற்றி, நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடவிட வேண்டும். சூட்டில் தண்ணீர் ஆவியாகி, கண்ணாடி போன்ற துகள் பேரிங்குகளில் படிந்து, சில நிமிடத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிடும். அதிகம் ஒப்படைக்கப்பட்ட மாடல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். நல்ல இன்ஜின்கள் இப்படிப் போனதால், மிஞ்சிய எக்ஸ்ப்ளோரர்களுக்குப் பழைய இன்ஜின் கிடைக்கும் வழியும் அடைபட்டது.

ஜப்பானில் தள்ளுவது பணமல்ல, வண்டியின் தகுதிச் சோதனை. புதுக் காருக்கு முதல் சோதனை 3 ஆண்டில், பிறகு 2 ஆண்டுக்கு ஒரு முறை. சோதனைச் செலவு காரின் விலையை நெருங்கும்போது உரிமையாளர் விற்றுவிடுகிறார், வண்டி கப்பலேறுகிறது. ஜப்பானில் மறைந்த மாடல் கிழக்கு ஆப்பிரிக்காவில் தெரு நிறைய நிற்பது இதனால்தான். கென்யா 8 வயதுக்கு மேற்பட்ட வண்டியை இறக்குமதி செய்ய விடுவதில்லை. அந்த எல்லைக்குள் கப்பலேறத் தவறியது ஜப்பானிலேயே நசுக்கப்படலாம். பெஜோ 405ஐ ஐரோப்பா 1997 வாக்கில் கைவிட்டது, ஈரானில் அதற்குப் பிறகும் பல ஆண்டு புதிதாகவே தயாரானது. மறைந்தது என்று சொல்லும்போது எந்த ஊரில் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் தீர்ந்துபோவது இன்ஜின் பாகம் அல்ல

புதிதாக ஒரு மறைந்துவரும் மாடலை வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பிஸ்டனுக்கும் பம்ப்புக்கும் பயப்படுவார்கள். அவை பெரும்பாலும் கிடைக்கும். ஒரே இன்ஜின் பத்து மாடல்களில் போயிருக்கும், வெளிக் கம்பெனிகளும் செய்யும். தீர்ந்துபோவது அந்த மாடலுக்கே உரிய சில்லறைச் சாமான்: முகப்பு விளக்கு, பின் விளக்குக் கண்ணாடி, கதவு ரப்பர், ஜன்னல் ஏற்றும் கம்பி, உள்ளலங்காரத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப், ஏசி மூடியின் பல்சக்கரம். உற்பத்தி நின்று பத்து ஆண்டுக்குப் பிறகு இவை கம்பெனிப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

சில கார்களுக்கு உயிரே ஒரு தனி உறுப்பில். சிட்ரோயன் சான்டியாவின் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்ப்ரிங் கிடையாது. பச்சை எண்ணெயும், உள்ளே ஒரு சவ்வுக்கு அப்பால் நைட்ரஜன் அடைத்த இரும்புக் கோளங்களும்தான். நைட்ரஜன் ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கசியும். பார்க்கும் முறை எளிது. இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்து. மெத்தை போல் அமுங்கி எழுந்தால் கோளம் நன்றாக இருக்கிறது. கல்போல் நின்றால் காலி. பிறகு காதைக் கொடுத்துக் கேள். பிரஷர் ரெகுலேட்டர் "டிக்" என்று அடிக்கும். இரண்டு டிக்குக்கு நடுவே அரை நிமிடத்துக்கு மேல் என்றால் சரி, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு முறை அடித்தால் முதன்மைக் கோளம் போய்விட்டது. கோளத்தை மாற்றுவது ஆயில் ஃபில்டர் மாற்றுவது போன்ற வேலைதான், அழுத்தத்தை இறக்கிவிட்டுத் திருகிக் கழற்ற வேண்டும், அவ்வளவே. இது தெரியாத பட்டறைகள் "இந்த வண்டி வேண்டாம்" என்று சொல்லியே எத்தனையோ சான்டியாக்களைக் காயலான் கடைக்கு அனுப்பின.

வாங்கும்போது பார்க்க வேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் உடம்பு, பிறகு உள்ளலங்காரமும் விளக்கும், அதன் பிறகு மின்சாரம், கடைசியாக இன்ஜின். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்வார்கள். தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் பார்; ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சில்லை நெடுகத் தட்டு, "டங்" என்ற இடம் தகரம், "பொத்" என்ற இடம் துருவோ அதை மறைக்கப் பூசிய பட்டியோ. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆழமான பள்ளமிருந்தும் பத்து வயதான டயர் வேண்டாம்.

வாங்கிய பிறகு முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியவை மூன்று. சில் போன்ற உட்குழிவுகளில் துருவைத் தடுக்கும் மெழுகை, ஏற்கெனவே உள்ள ரப்பர் அடைப்பான் துளைகள் வழியாக நீளக் குழாய் விட்டு அடி. நடுத்தரக் காருக்கு 3 முதல் 5 லிட்டர் பிடிக்கும், வடிகால் துளையை மட்டும் அடைத்துவிடாதே. பெட்ரோல் ரப்பர் குழாய்களைப் பத்து சதவீத எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்று. பழைய ரப்பர் எத்தனாலில் உள்ளிருந்து இளகி, சூடான இன்ஜின் மேல் கசியும். மங்கிய முகப்பு விளக்கை 800ஆம் எண்ணில் தொடங்கி 3000 வரையான, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்களால் தேய்த்து, புற ஊதாக் கதிர் தடுக்கும் தெளிபூச்சு கொடு. பூச்சில்லாமல் பாலிஷ் மட்டும் போட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும்.

கையில் இடமும் கொஞ்சம் பணமும் இருந்தால், அதே மாடலில் இன்னொரு வண்டியைப் பிரிப்பதற்காகவே வாங்குவது பலன் தரும். தொழிற்சாலைப் புது உதிரி தேடுவதைவிட அது மலிவு. கழற்றும்போது ஒவ்வொரு வயர் கனெக்டரையும் பத்து சென்டிமீட்டர் வாலோடு வெட்டு. கனெக்டர் மட்டும் உடைந்துபோனால் ஒட்டவைக்க அந்த வால் வேண்டும். கிளிப்புகளைப் பிடுங்கும் முன் உட்பக்கத்தை வெந்நீர்த் துணியாலோ ஹீட் கன்னாலோ சூடாக்கு. குளிர்ந்த பழைய பிளாஸ்டிக் முறியும். ரப்பர் சாமான்களை வெளிச்சம் படாத பையில், மின்மோட்டார் ஓடாத அறையில் வை. மோட்டாரின் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். முகப்பு விளக்குகளை நிமிர்த்தி, கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்த்தபடி அடுக்கு, ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று துண்டுச் சீட்டு ஒட்டு. இடது விளக்கும் வலது விளக்கும் கழற்றிய அன்று நன்றாகவே அடையாளம் தெரியும். ஐந்து வருஷம் கழித்து வெறும் பல்பு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது தெரியாது.